திராட்சையும் 312-ம்

மனுசனுக்குத் திராட்சையை ஊட்டத் தைரியம் இருக்கிறது, ஒத்துக்கொள்ளத்தான் இல்லை என்று மாரீஸ்வரி நினைத்துக்கொண்டாள். மகள் கனிஷ்காவுக்கு ஒன்பது வயது. சர்க்கரை நோய்க்குத் தினமும் நாலு ஊசி. நேற்று அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன கணவன் சுரேஷ்கண்ணன், "நம்ம பந்தல்ல காச்சது ஒண்ணும் செய்யாது" என்று ஒரு கொத்தை ஊட்டிவிட்டான். சாயங்காலம் சர்க்கரை 312.

"நாளைக்கு டாக்டரம்மா என்னையத்தான் வைவாக. சர்க்கரை நோட்டுல 132ன்னு மாத்திரு தாயி" என்று காலையில் கெஞ்சிவிட்டுப் போயிருந்தான்.

வேலைக்குக் கிளம்புமுன் அவள் காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்:

"ஏங்க, குழம்பு அடுப்பு மேல இருக்கு. பாப்பா நாலு மணிக்கு வந்ததும் விரலைக் குத்திப் பாத்து, ஊசி போட்டுட்டு ரெண்டு இட்லி கொடுங்க. ஓடி விளையாண்டா சர்க்கரை இறங்கும். கிறுகிறுன்னு வந்தாத்தான் இனிப்பு. அதுவரைக்கும் உங்க பாசத்தை அடக்குங்க. காய்ச்சல் வந்தா, மனசு சங்கடப்பட்டா ஏறும். நேத்து சர்க்கரை பாக்குறதுக்கு முன்னாடி நாம போட்ட சண்டையிலயும் கொஞ்சம் ஏறியிருக்கும், அந்தப் பழி எனக்கும் உண்டு. அரிசி டப்பாவுல நீங்க ஒளிச்ச திராட்சை பாப்பாவுக்கும் தெரியும்."

அடியில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: "நோட்டைப் பாத்துத்தான் மருந்தளவு சொல்லுவாக. வைஞ்சா நானும் பக்கத்துல நிக்கிறேன்."

சர்க்கரை நோட்டை விரித்துச் சீட்டின்மேல் வைத்தாள். 312 அப்படியே இருந்தது. 'காரணம்' என்ற கட்டத்தில் மட்டும் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'திராட்சை. கொடுத்தவர் நேரில் வருவார்.'