கடைசி ஸ்லைடு

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

தோட்டத் தொழிலாளிங்க நாங்க இருக்கிற லைன் வீடுகளுக்குப் பின்னாடி மண்மேடு சரியுதுன்னு இன்னிக்கு ஆபீஸ்ல ஸ்லைடு போட்டுக் காட்டினேன். தோட்ட மேனேஜர் துரை கொடுத்தது பத்து நிமிஷம். துரை, கணக்கு எழுதுற கிராணி, வேலை வாங்குற கங்காணின்னு ஆளுக்கொரு ஸ்லைடுல பூமாலை படம் போட்டு நன்றி சொன்னேன். மரியாதை குறையக்கூடாதுன்னு நெனச்சேன், மடையன். பாதி நேரம் அதுலயே போச்சு. மிச்ச நேரம் திரையைப் பார்த்து வரி வரியா வாசிச்சேன். லெட்சுமி அக்கா, மண்மேட்டை ஒட்டின தன் வீட்டுச் சுவர் வெடிப்புக்குள்ள முழுக் கையையும் விட்டு நிக்கிற படத்தைக் கடைசியில வச்சிருந்தேன். அது வர்றதுக்குள்ள துரை, "ஓகேலா, அடுத்த மீட்டிங்ல பார்ப்போம்"னு எழுந்து போயிட்டார்.

வெளியே அக்கா நல்ல சேலை கட்டிக்கிட்டுக் காத்திருந்துச்சு. "தம்பி, என் படத்தைத் துரை பார்த்தாரா?"

"பார்த்தாரு அக்கா."

சாயங்காலத்துலேர்ந்து மழை விடல. எதிர் வீட்டுல அக்கா நிம்மதியா விளக்கை அணைச்சுட்டுப் படுத்துடுச்சு.