நாற்பத்தேழு பக்கமும் ஒரு கையெழுத்தும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலைத் தவிர வீட்டில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. உன் நலத்தை அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோனில் விசாரித்துவிடுவதால் நான் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு வருஷமாகப் பேசாத மனுஷன் திடீரென்று எழுதுகிறானே என்று எதையாவது நினைத்துக்கொள்ளாதே, இது முழுக்க முழுக்க அலுவல் விஷயம், உன் கையெழுத்து ஒன்று வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீ கிளம்புவதற்கு முன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் வராமல் இருக்க ஒரு மென்பொருள் போட்டுவிட்டுப் போனாயே, வாசலில் காவல்காரன் நிற்கிற மாதிரி என்று சொன்னாய். அந்தக் காவல்காரன் நாம் இணையத்தில் எதை எதைப் பார்க்கிறோம் என்று குறிப்பெடுத்து வெளியே விற்றிருக்கிறானாம். குற்றச்சாட்டுத்தான், கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் வழக்கு என்றதும் உபயோகித்தவர்களுக்கெல்லாம் இழப்பீடு தருகிறேன் என்று இறங்கி வந்துவிட்டது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான். என் கோபம் உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷமாகப் பூட்டுக்கடை வைத்திருக்கிறேன், சொந்தக்காரர் நேரில் வந்து நிற்காமல் ஒரு டூப்ளிகேட் சாவி போட்டதில்லை. உன் மாமா தன் மனைவியின் பீரோவுக்குச் சாவி கேட்டு வந்தபோதுகூட அவளையும் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியவன். தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் மேஜைக்கே ஏழு லீவர் பூட்டுப் போடுகிறேன். அத்தனைக்கும் நடுவில் சத்தமில்லாமல் போயிருக்கிறது பார்.

விடுவேனா? என் வீட்டுச் சாவிக்கு யார் யாருக்கு டூப்ளிகேட் போட்டுக் கொடுத்தாய், கணக்கைக் காட்டு என்று எழுதிக் கேட்டேன். பேரை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தோம் என்று சமாதானம் சொல்லி, நாம் பார்த்ததாகத் தங்களிடம் இருக்கிற பட்டியலை அப்படியே அனுப்பிவிட்டார்கள், நாற்பத்தேழு பக்கம். நம்மிடம் பிரிண்டர் கிடையாதே, பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். மிஷின் நடுவில் மக்கர் பண்ணியதால் அந்த ஜெராக்ஸ் கடைக்காரம்மா ஒவ்வொரு தாளாக எடுத்து அடுக்கினார், அடுக்கும்போதே படித்துமிருக்கிறார். மறுநாள் கடைக்குப் போகிறேன், அவர் நடுத்தெருவில் நின்று, "என்ன சார், பொண்ணு ஊர்ல இன்னிக்கு மழையா?" என்று கேட்கிறார். கம்பெனி ரகசியமாக விற்றதை நான் காசு கொடுத்து ஊருக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். இதற்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

வீட்டில் அதைவிட மோசம். அம்மா சாப்பாட்டு மேஜையில் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். பேரை எடுத்துவிட்டார்களாம் என்றேன். "பேரு எதுக்கு, படிச்சா நீங்களே எதிர்ல வந்து நிக்கிறீங்க" என்றாள். குறட்டையை நிறுத்துவது எப்படி, ஆறு முறை. இந்த வீட்டில் குறட்டை விடுவது அவள்தான் என்று நான் இத்தனை வருஷமாகச் சாதித்து வந்தது உனக்குத் தெரியும். மனைவி மனம் நோகாமல் உப்பு குறைவு என்று சொல்வது எப்படி, ஒரே ஒரு முறை. அன்றிலிருந்து உப்பு டப்பா என் தட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது. அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் உன் ஊர் வானிலை, தினமும் காலை கடைக்குக் கிளம்பும் முன், அறுநூற்றுப் பன்னிரண்டு முறை என்று கோடு போட்டு எண்ணிவிட்டாள். ஈரக்காற்றில் பூட்டு எப்படித் துருப்பிடிக்கிறது என்று ஆராய்ச்சி பண்ணினேன் என்றேன். "நம்ம ஊர் காத்து ஒரு நாள்கூட ஈரமா இல்லியா?" என்றாள். தனியாக இருக்கும் பெண்ணின் வாசல் கதவுக்கு எந்தப் பூட்டு நல்லது என்று வேறு பார்த்திருக்கிறேன். தொழில் அறிவு என்றேன். பூட்டுக்கடைக்காரன் இன்னொருத்தனிடம் போய் அதைக் கேட்பானா என்று நீயே சொல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன், சோறு போதவில்லை. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி, கோபித்துக்கொண்டு போன மகளுக்குக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். அந்தக் கேள்விக்கு இணையத்தில் வந்த பதில் ஒன்றும் உபயோகப்படவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த வெயிலில் கம்ப்யூட்டரைத் திறந்தால் கம்பளிக் கோட்டும் குடையும் விமான டிக்கெட்டுமாக விளம்பரம் ஏன் வருகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க அவளை நெனைச்சு உருகறது ஊர் பேர் தெரியாத வியாபாரிக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, பெத்த பொண்ணுக்கு மட்டும் தெரியாது" என்றாள்.

இழப்பீட்டுப் படிவம் இத்துடன் இருக்கிறது. மென்பொருள் உன் பேரில் பதிவாகியிருப்பதால் நீதான் கையெழுத்துப் போட வேண்டுமாம், மாதக் கடைசிக்குள். வருகிற பணத்தில் ஒரு உருப்படியான பூட்டுக்கூட வாங்க முடியாது, இருந்தாலும் விடக்கூடாது. உங்களுக்கு ஏற்பட்ட மனவேதனை எவ்வளவு என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதில் கடுமையானது என்று நான் பென்சிலால் குறித்திருக்கிறேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, அது கம்பெனி கொடுத்த வேதனையில்லை என்கிறாள். அந்த ஊர் வேலைக்குப் போகாதே என்று நான் மறித்தபோது, எல்லாத்தையும் பூட்டி வைக்கணுமா அப்பா, என்னையுமா என்று கேட்டுவிட்டு நீ உன்னிடம் இருந்த நம் வீட்டு வாசல் சாவியை அதே சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய். நீ எந்த ஊர்ல இருந்தா எனக்கென்ன என்று நான் கத்தியது கீழ்வீடு வரை கேட்டது. அது பொய் மகளே, நாற்பத்தேழு பக்கத்துக்குச் சாட்சி இருக்கிறது. நான் பேசியது தப்பு. உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நாளைக்கு அங்கே மழை, குடை இல்லாமல் வேலைக்குப் போகாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். படிவத்தோடு சின்னக் கவர் ஒன்றும் இருக்கும், பிரித்துப் பார், நீ வைத்துவிட்டுப் போன வாசல் சாவிதான். பூட்டை நான் மாற்றவில்லை. பத்திரமாக வைத்துக்கொள், தொலைத்துவிட்டால் கடை வழக்கம் உனக்குத் தெரியும், சொந்தக்காரர் நேரில் வந்து நிற்காமல் நான் டூப்ளிகேட் போடுவதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா