டாக்ஸியில் போன பேருந்துப் பயணிகள் சங்கத் தலைவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் தம்பி நலம், புது வாஷிங் மெஷினும் நலம்தான், துணி பிழியும்போது மட்டும் சமையலறையிலிருந்து கூடம் வரைக்கும் தானாக நடந்து வருகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே போகாமல் சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்பா உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே, முகம்தான் கொஞ்ச நாளாகச் சரியில்லாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் உன்னிடம் "உங்கம்மா என்னை நடுக்கூட்டத்துல கவுத்துட்டா" என்று சொன்னதும் நீ பதறிப்போய் என்ன என்ன என்று கேட்டாய், நான் ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை. போனில் சொன்னால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வரிக்கு வரி திருத்தம் சொல்வார், அதனால்தான் எழுதுகிறேன். இப்போது முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அந்தக் கடைக்காரர் இவரைவிடப் பெரிய பேச்சாளர், வர நேரமாகும்.

அப்பாவின் பேருந்துப் பயணிகள் சங்கம் உனக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வீட்டில் என் சமையலுக்கு மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார், நான்தான் தாங்கமாட்டாமல் எங்கேயாவது போய்ப் பொதுச்சேவை செய்யுங்கள் என்று துரத்தினேன். போனவர் ஒரே வருஷத்தில் தலைவராகிவிட்டார். டயர் கடைக்கு மேலே ஒரு அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுற்றும்போது கூட்டத்தைவிட அதிகமாகச் சத்தம் போடும் ஒரு மின்விசிறி, இவ்வளவுதான் சங்கம். வெளியிலிருந்து யாரும் பணம் கொடுப்பதில்லை, உறுப்பினர்கள் மாதாமாதம் கட்டும் சந்தாதான் எல்லாம். உன் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், சந்தை நிறுத்தத்துக்குக் கூரை வந்தது அவர் வாயால்தான். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகும் விடிகாலைப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள், அதைத் திரும்ப விடச் சொல்லி மாசக்கணக்கில் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். நடையாய் நடந்துகொண்டிருந்தார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

போன வருஷப் பொதுக்குழுவில் கணக்குச் சரிபார்க்க ஆள் கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை. உன் அப்பாவே எழுந்து, "எங்க வீட்டம்மா மருந்துக்கடைக் கல்லாவுல உக்காந்தவங்க, அவங்க பாக்கட்டும், கூலியும் மிச்சம்" என்று சொல்ல எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். தலைவர் கணக்கைத் தலைவர் பெண்டாட்டி பார்ப்பதாவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, அவ்வளவு வெகுளிகள் நாங்கள். காய் நறுக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று அவர் நினைத்திருக்கிறார். இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் செய்தவர், சில்லறை பாக்கிக்காக நான் இரண்டாம் முறை கடைக்குப் போகிறவள் என்பதை எப்படி மறந்தார் என்றுதான் தெரியவில்லை. கணக்கில் பயணச் செலவு மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. அந்தத் தொகைக்கு அவர் போன ஒவ்வொரு முறையும் பேருந்தில் இருந்த அத்தனை பேருக்கும் டிக்கெட் வாங்கி, ஓட்டுநருக்கும் ஒன்று வாங்கியிருக்கலாம். பொருளாளரைக் கேட்டேன். அவரைச் சங்கத்தில் சரிங்கய்யா என்றுதான் கூப்பிடுவார்கள், எதைச் சொன்னாலும் அதுதான் பதில் என்பதால். "தலைவர் கேட்டாருங்க, சரிங்கய்யான்னு குடுத்தேங்க" என்றார். ரசீது எங்கே என்று கேட்டதற்கு, "அதுவும் சரிதாங்க" என்றார்.

மற்றதை எனக்குச் சொன்னவர் நம் தையற்காரர். அவரும் சங்கத்து உறுப்பினர், கடை அந்தப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் பின்னாலிருக்கும் சந்தில். திரைச்சீலை தைக்கக் கொடுக்கப் போனவளிடம், உன் அப்பாவைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு சொல்கிறார், "தலைவர் எவ்வளவு அடக்கம் பாத்தீங்களா? நம்ம கடை முன்னாடிதான் டாக்ஸியை நிறுத்துவாரு. எறங்கினதும் சட்டையை இப்படி இப்படிக் கசக்கிக்குவாரு, தலைமுடியைக் கொஞ்சம் கலைச்சுக்குவாரு. அப்புறம் முனையில போய் பஸ் ஸ்டாப்புல நிப்பாரு. பஸ் வந்து ஜனங்க எறங்கினதும் அவங்களோட சேர்ந்து உள்ள போயிடுவாரு." கையிலிருந்த திரைச்சீலையைக் கீழே போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சட்டைக்கு மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு அனுப்பியவள் நான். இப்படிக் கசங்கிப்போய்த் திரும்பி வருகிறாரே மனுஷன் என்று இரக்கப்பட்டு முதுகில் விசிறியும் விட்டிருக்கிறேன், அந்த ஆத்திரம் வேறு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். முதலில் திருதிருவென்று விழித்தார். பிறகு தலைவர் குரல் வந்துவிட்டது. "பஸ்ல போனா லேட்டாயிடும். லேட்டாப் போய் உக்காந்து பஸ் லேட்டா வருதுன்னு சொன்னா எவன் மதிப்பான்?" என்றார். நியாயத்தைச் சொல்லவேண்டும் பாப்பா, அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. அப்படியானால் அதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டே போயிருக்கலாமே, சட்டை என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். அதற்கு அவர் எழுந்து போய், ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய செடிக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். ஒரு காசு வீட்டுக்குக் கொண்டு வரவில்லை என்றார், அது உண்மை. கடைசியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலை இறக்கி, "பென்ஷன்லேர்ந்து சத்தமில்லாமப் போட்டுடறேன், நீ பொதுக்குழுவுல அதைப் படிக்காதே. இது வெளிய வந்தா சந்தா கட்டறவங்க கலைஞ்சு போயிடுவாங்க, சங்கம் போச்சு, அந்தப் பஸ்ஸும் போச்சு" என்றார். நான் ஆடிப்போனது அங்கேதான். பணம் திரும்பி வந்துவிடும், பேருந்தும் வரலாம், என் புருஷன் மானமும் மிஞ்சும், நான் வாயை மூடிக்கொண்டால் போதும். மூடிக்கொள்ளலாம் என்றே பாதி முடிவு செய்துவிட்டேன், உன்னிடம் மறைப்பானேன்.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் பெண் வந்தாள். விடிகாலைப் பேருந்து இல்லாமல் இருட்டில் நடந்தே வேலைக்குப் போகிறவள். சங்க அறை பூட்டியிருந்ததாம், சந்தாவைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வேலை முடிந்து அப்படியே நடந்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று சிரித்தாள். காசைக் கொடுத்துவிட்டு, "ரசீது குடுத்துடுங்க தலைவரே, வீட்டுல கேப்பாங்க. எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, எதுக்குடி தண்டமா அழுவறேன்னு. நம்ம தலைவரும் நம்மள மாதிரி பஸ்ஸுக்கு நின்னு அலையறாரே, அவரை விட்டுட முடியுமான்னு நான்தான் சண்டை போட்டுக் கட்டறேன்" என்றாள். உன் அப்பா குனிந்த தலை நிமிராமல் ரசீது எழுதினார். அவள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் படிக்கத்தான் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் உன்னைப் பொருளாளராகப் போடப் பார்க்கிறார்கள் என்று சொன்னாயே, தாராளமாக இரு, ஆனால் உனக்குப் பிடித்தவர்களிடம்தான் முதலில் ரசீது கேட்க வேண்டியிருக்கும், அதற்கு மனசைத் தயார் செய்துகொண்டு இரு.

பொதுக்குழு அன்று நாற்காலி போதாமல் டயர் கடையிலிருந்து டயர் எடுத்து வந்து போட்டு உட்கார்ந்தார்கள். தலைவர் என்ற முறையில் என்னைக் கூப்பிட வேண்டியவர் உன் அப்பாதான். கல்யாணமான நாளிலிருந்து என்னை "இந்தா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டறியாத மனுஷன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மதிப்புக்குரிய கணக்குச் சரிபார்ப்பாளர் அவர்களை அழைக்கிறேன்" என்றார். எழுந்து படித்தேன். தலைவர் டாக்ஸியில் போனது, யாரிடமும் சொல்லாதது, ரசீது இல்லாதது, மூன்றையும் படித்தேன், சட்டையை விட்டுவிட்டேன், அவ்வளவு சலுகை காட்டினேன். ஒரே கூச்சல். ஒருவர் பதவி விலகச் சொன்னார், இன்னொருவர் தலைவர் என்றால் ஒரு டாக்ஸிகூடவா கூடாது என்றார். நடுவில் ஒரு பெரியவர் எழுந்து, அந்தத் தூரத்துக்கு இவ்வளவா, நல்லா ஏமாத்திட்டானுங்களே தலைவரே, பேரம் பேசலையா என்று கேட்டார் பார், அதோடு கூட்டம் முழுக்க டாக்ஸிக் கட்டணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. உன் அப்பாவும் தப்பித்தோம் என்று அதில் கலந்துகொண்டு, திரும்பி வரும்போது இன்னும் அநியாயம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தையற்காரர், தலைவருக்குப் பரிந்து பேசுவதாக எழுந்து, "அவரு பந்தா பண்ணலீங்க, எறங்கினதும் சட்டையைக் கூடக் கசக்கிக்குவாரு" என்று முழுவதையும் போட்டு உடைத்துவிட்டார்.

துப்புரவு வேலை பார்க்கும் அந்தப் பெண் பின்னாலிருந்து எழுந்தாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "டாக்ஸியில போனதைக் கூட விடுங்க தலைவரே. சட்டையை ஏன் கசக்கிக்கிட்டீங்க?" என்றாள். எவ்வளவு பேச்சு பேசுகிற மனுஷன், தலைவர் குரலையே விட்டுவிட்டார். பிறகு மெதுவாக, "உங்களோட வந்த மாதிரி இருக்கணும்னு ஆசைம்மா. வரத்தான் சோம்பலாப் போச்சு" என்றார். சொல்லிவிட்டுத் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, காலியாக இருந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது, ஆனால் அறிக்கையில் இன்னும் தேநீர்ச் செலவு பாக்கியிருந்தது, அதையும் படித்துவிட்டுத்தான் போனேன்.

டாக்ஸிப் பணத்தை அவர் மாதாமாதம் கட்டுவது, இனி எந்தச் செலவுக்கும் உறவில்லாத இரண்டு பேர் கையெழுத்து, பொறுப்பில் இருப்பவர் வீட்டு ஆட்கள் கணக்குப் பார்க்கக்கூடாது என்றெல்லாம் முடிவானது. உளறிய குற்றத்துக்குத் தையற்காரரையே தற்காலிகத் தலைவராகப் போட்டுவிட்டார்கள், பாவம், இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே உட்கார்ந்திருக்கிறார். சரிங்கய்யா இப்போது எதற்கெடுத்தாலும் "ரசீதுங்க?" என்கிறார், சாயங்காலம் மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னாலும் அதைத்தான் கேட்கிறார். பயந்த மாதிரியே சிலர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள், ஆனால் சங்கம் கலையவில்லை. வீட்டில்தான் அப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். உப்பு வேண்டுமென்றால்கூட உன் தம்பியிடம் கேட்டார், அவன் என்னிடம் கேட்டான், நான் அவனிடம் கொடுத்தேன், அவனுக்கு இது நல்ல வேடிக்கை. எனக்கு வேடிக்கையாக இல்லை. செய்தது சரிதானா என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அவரை எல்லோர் முன்னாலும் டயரில் உட்கார வைத்துவிட்டேனே என்று குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதும் இருக்கிறேன்.

முந்தாநாள் அந்த விடிகாலைப் பேருந்து விஷயமாக அலுவலகத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சாதாரண உறுப்பினராக அப்பாவும் மற்றவர்களோடு கிளம்பினார். பேருந்து வரவேயில்லை, பிறகு வந்தது, வழியில் நின்றது. வழி முழுக்க அப்பா நின்றுகொண்டே போயிருக்கிறார். இவர்கள் போய்ச் சேரும்போது அந்த அதிகாரி வேறு கூட்டத்துக்குப் போய்விட்டாராம், அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் அப்பாவையே பார்த்திருக்கிறார்கள், ஒரு டாக்ஸி போட்டுப் போயிருந்தால் ஆளைப் பிடித்திருக்கலாமே என்று. அவர் அங்கேயே வராந்தாவில் நின்று, அடுத்த வாரம் இன்னும் நிறையப் பேராக வருவோம், இதற்கு முந்தின பேருந்தைப் பிடிப்போம் என்று எல்லோரிடமும் நேரம் பேசிவிட்டு, வந்த மாதிரியே பேருந்தில் திரும்பி வந்தார். முட்டி இரண்டும் வீங்கிப் போயிருந்தது. நான் தைலம் தேய்த்துவிட்டேன். அவராகவே பேசினார். "நீ அன்னிக்குப் படிக்காம விட்டிருந்தேன்னா, இன்னிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார். தேய்த்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டேன். "தனியாப் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார் பிறகு. சொல்லிவிட்டு மறு முட்டியையும் தேய்க்கச் சொல்லிக் காலை நீட்டிவிட்டார். அத்தனை நாள் அரிப்பும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிட்டது பாப்பா, எனக்கு அது போதும்.

நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடு, மனசு நிறைய நீ நன்றாக இருக்க வேண்டும், வேறெதுவும் நான் கேட்பதில்லை. முக்கியமாக ஒன்று. அப்பா பென்ஷனிலிருந்து கட்டுகிறாரே பாவம் என்று நீ அந்தப் பணத்தை அனுப்பி வைக்காதே, அது அவர் கட்ட வேண்டியது, அவரே கட்டட்டும். ஆசையாக இருந்தால் முட்டிக்கு நல்ல தைலமாக வாங்கி அனுப்பு. கடைக்காரர் கொடுக்கும் பில்லைத் தொலைத்துவிடாமல் கூடவே வைத்து அனுப்பு, இந்த வீட்டில் இனிமேல் எல்லோரும் கேட்பார்கள்.

உன்னைக் கொஞ்சவும் உன்னிடம் கணக்குக் கேட்கவும் உரிமையுள்ள,
அம்மா