அகப்பை கவிழ்ந்தால் உப்புப் போட்டாயிற்று

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்னமும் அடுப்புக்கு முன்னால் நின்று, "உப்புப் போட்டாச்சோ?" என்று சத்தமாகக் கேட்கிறேன். போன கிழமை கரண்ட் மீட்டர் பார்க்க வந்த ஆள் திறந்த கதவடியில் நின்றதை நான் காணவில்லை. தனக்குத் தெரியாது என்று சிங்களத்தில் மிக மரியாதையாகப் பதில் சொன்னார். நீர் இருந்திருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்.

கேட்கக் காரணம் இந்த அகப்பை. இப்போதும் சட்டி மூடியின் மேல் கிடக்கிறது, கவிழ்ந்தபடி.

கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த புதிதில் இரண்டு பேருக்கும் வேலை. நான் ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட் கலக்க, நீர் பாமசியில் நின்று கால் வீங்க, வீடு வந்து சேர இருட்டிவிடும். கீழ்க் கடையில் இடியப்பம் வாங்கி வந்தால் சொதி மட்டும்தான் எங்கள் பாடு. ஒரு ஆள் நின்றாலே நிறைந்துவிடும் குசினி. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் எல்லாவற்றையும் நீர் ஒரேயடியாகத் தண்ணீரில் அவிய விடுவீர். நான் தேங்காய்ப்பால் மாவைக் கரைத்து நீட்டுவேன். பால் பொங்க முன்னம் இறக்கி, தேசிக்காய் பிழிந்தால் சரி. புதுச்சோடி யாராவது வேலையால் வந்து என்ன சமைப்பது என்று கேட்டால் இப்பவும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஒரேயொரு கரைச்சல் உப்பு. அவசரத்தில் நீரும் போடுவீர், நானும் போடுவேன். சில நாள் கடல் தண்ணீரில் இடியப்பம் தோய்த்துத் தின்ற பிறகு நீர் சட்டம் போட்டீர்.

"உப்புப் போட்ட ஆள் அகப்பையைக் கவிழ்த்து வையுங்கோ. நிமிர்ந்து கிடந்தால் போடேல்லை. இதுக்குப் பிறகும் பிழைச்சால் உங்களைத்தான் சட்டிக்குள்ள போடுவன்."

"என்னைப் போட்டால் புளிப்புக்குத் தேசிக்காய் மிச்சமப்பா" என்றேன். நீர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

உம்முடைய முதல் திவசம் முடிந்த பிறகுதான் இது தொடங்கியது. அகப்பையை நிமிர்த்தி வைத்துவிட்டு இடியப்பப் பையை அவிழ்க்கத் திரும்புவேன். மறுபடி பார்த்தால் கவிழ்ந்திருக்கும். கடற்கரை ரயில் போகும்போது அலுமாரித் தட்டில் கிளாஸ்கள் கிடந்து நடுங்குமே, அதன் வேலை என்று நினைத்தேன். பிறகு சொதியை ருசி பார்த்தேன். உப்பு இருந்தது. அளவாக இருந்தது. நான் போட்டால் எப்போதும் ஒரு பிடி கூடத்தான் விழும், உமக்குத் தெரியும். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை, என்றாலும் ரயிலுக்கு உப்புப் போடத் தெரியாது என்பது தெரியும்.

பயந்தேனோ என்றால், ஓம். ஆனால் இடியப்பத்தில் ஒன்றும் மிச்சம் விடவில்லை.

இதை மகளிடம் பகிடியாகச் சொன்னதுதான் பிழை. அவள் சிரிக்கவில்லை. "அப்பா, நீங்கள்தான் உப்புப் போட்டிருக்கிறியள். போட்டதை மறந்து போறியள்" என்றாள். டொக்டரிடம் காட்ட வேண்டும், இந்த வீட்டைப் பூட்டிவிட்டுத் தெஹிவளையில் தன்னோடு வந்து இருக்க வேண்டும் என்று தொடங்கிவிட்டாள். தெஹிவளை என்ன தூரமா, பஸ்ஸில் இடம் கிடைக்க முன்னம் இறங்கலாம். ஆனால் அந்தக் குசினிக்கு உமக்கு வழி தெரியுமோ? இதை அவளிடம் கேட்க முடியாது. கேட்டால் டொக்டர் நிச்சயம்.

நேற்றுப் பின்னேரம் தன் கண்ணால் பார்க்க வந்தாள். நான் சமைக்க அவள் பக்கத்தில் நிற்பாள். ஒன்றையும் மறக்காமல் செய்தால் வீட்டைப் பூட்டும் கதையை விட்டுவிடுவாள். இதுதான் பேச்சு. சொதியை இறக்கி மூடி, அகப்பையை நிமிர்த்தி வைத்தேன். "வடிவாப் பார் பிள்ளை. நிமிர்ந்து கிடக்கு. உப்பு இன்னும் போடேல்லை" என்றேன். பார்த்தாள், தலையாட்டினாள். இரண்டு பேருமாக மேசையில் சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்து இடியப்பத்தைப் பிரித்தோம். ரயில் ஒன்றும் போகவில்லை.

அகப்பை கவிழ்ந்து கிடந்ததை அவள்தான் முதலில் கண்டாள். கையில் எடுத்த இடியப்பத்தை வைக்க மறந்து அப்படியே நின்றாள்.

"அப்பா, நீங்கள் அங்கால போகேல்லைத்தானே?"

"உன்னோடதானே பிள்ளை நிண்டனான்."

கறிவேப்பிலை வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு உம்முடைய பிடிவாதம் அவளுக்கு ஏறிவிட்டது. போய் மூடியைத் திறந்து, ருசியும் பாராமல், உப்பை அள்ளிப் போட்டாள். "இப்ப நான் போட்டுட்டன். கதை முடிஞ்சுது" என்றாள்.

முதல் வாயோடு கோப்பையைத் தள்ளி வைத்தாள். உம்முடைய சட்டத்தை நாங்கள் மறந்த நாட்களில் சின்ன வயதில் தின்ற அதே கடல் தண்ணீர், அவளுக்குத் தெரியாத ருசியா? "இது ரெண்டு பேர் போட்ட உப்பு" என்றாள் மெல்ல. தெஹிவளைக் கதையை அதன் பிறகு எடுக்கவில்லை, டொக்டர் கதையையும்.

நான் உப்புப் போடுவதையே விட்டுவிட்டேன். அகப்பையை நிமிர்த்தி வைப்பது என் வேலை. மற்றது உம்முடையது.

நேற்று அந்த உப்பைக் குறைக்கச் சொதியில் உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டுப் பார்த்தோம், சரிவரவில்லை. கடைசியில் இடியப்பத்துக்குத் துருவின தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுச் சாப்பிடுவோம் என்று மகள் எழும்பிப் போய்ச் சீனிப் போத்தலை எடுத்து வந்து, இரண்டு கோப்பையிலும் தாராளமாகத் தூவினாள். அது உப்புப் போத்தல்.