தவளையைப் பார்க்கப் போனவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? என் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

வகுப்பில் தவளைக் கதைப் புத்தகம் வாசித்துவிட்டு, பள்ளிக்குப் பின்னாலிருக்கும் ஓடையைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். மறுநாள் ஒரு வாண்டு தனியாகவே அங்கே போய்விட்டாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றவளைத் தூக்கினேன்.

“தவளை வீட்ல இருக்கான்னு பாக்க வந்தேன் டீச்சர்” என்றாள். சிரித்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. என்னைத்தான் சமையலறைக்கு மாற்றிவிட்டார்கள். இனி பிள்ளைகள் பக்கமே போகக்கூடாதாம். சுவர் வழியாக அவர்கள் சத்தம் மட்டும் கேட்கிறது.

பாப்பாவின் சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பி வை. தலையணைக்கு உறை இல்லை, அதற்குத்தான்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். ‘வந்துடு’ என்று நீ ஒரு வார்த்தை சொல்லேன் அம்மா.

உன் மகள்