மேப்பிளுக்கு ஒரு குளிர்காலம்

எர்ணாவூர்,
சென்னை.

அண்ணன் பீம்ராவுக்கு, தங்கை சங்கமித்ரா எழுதுவது.

இந்த மரம் எர்ணாவூரில் பிழைக்காது என்று தெரிந்தேதான் நீ அதை அம்மாவிடம் கொடுத்தாய். ஜப்பானில் வருஷக்கணக்காக இருக்கிறவனுக்கு மேப்பிள் எந்த ஊரில் வளரும் என்று தெரியாதா? போன லீவில் வந்தபோது, சட்டைகளுக்கு நடுவே, ஈரத் துணியில் வேரைச் சுற்றிக் கொண்டுவந்தாய். "இது நல்லா கீதுன்னா நானும் நல்லா கீறேன்னு வெச்சிக்கோம்மா" என்றாய். நீ விளையாட்டாகச் சொன்னாய். அம்மா அதை விளையாட்டாகக் கேட்கவில்லை.

அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மாவின் இருமல் அப்படியே இருக்கிறது. போன மாதம் புகையும் சாம்பலும் விடுகிற அந்தக் கம்பெனிக்காரர்களே தெருவில் மருத்துவ முகாம் போட்டு, ஆளுக்கொரு துணி முகமூடியும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். கூடவே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். புகையை நிறுத்தச் செலவாகும், முகமூடி மலிவு.

மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பின்பக்கம் தோட்டம் என்று நாம் பெருமையடிக்கிற அந்தத் துண்டு மண்ணில், முருங்கை நிழலில், நீல டிரம்மைப் பாதியாக வெட்டி வைத்து நட்டாள். கடல் பக்கம் ஓலைத் தட்டி, மேலே பச்சை வலை. போர்வெல் தண்ணீர் உப்பு என்று லாரித் தண்ணீரை மரத்துக்கு ஊற்றினாள். உப்புத் தண்ணீரில் நாங்கள் குளித்தோம். விடிந்ததும் பழைய சேலைத் துண்டை நனைத்து, இலை இலையாகச் சாம்பலைத் துடைப்பாள். ஒவ்வொரு இலையும் ஏழு விரலை விரித்த சின்னக் கை மாதிரி இருக்கும். விரல் இடுக்குகூட விடமாட்டாள். துடைக்கும்போது உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே "நைனா" என்று கூப்பிடுவாள்.

இரண்டு வருஷத்தில் அது என் இடுப்புயரம் வந்தது. பிறகு உன் போன் நின்றது. முதலில் மணி அடித்தது, எடுக்கவில்லை. அப்புறம் அணைந்தே கிடந்தது. அதே வாரத்தில் இலைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. பங்குனி வெயில், உப்புக் காற்று, கருகாமல் என்ன செய்யும் என்று நான் சொன்னேன். அம்மா கருகின நுனிகளை ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு மோகனப்ரியா போனில் வீடியோ தேடிக் கொடுத்தாள். அதில் ஓர் ஊட்டிக்காரர், இந்த மரத்துக்குக் குளிர்காலம் வேண்டும், குளிர் இருந்தால்தான் தூங்கும், தூங்காத மரம் களைத்துச் செத்துவிடும் என்று சொன்னார். "அதுக்குத் தூக்கம் இல்லடி. அவனுக்கும் அங்க தூக்கம் இல்ல" என்றாள் அம்மா. நம்மிடம் எங்கே குளிர்காலம் என்று கேட்டேன். அவள் வாசல் அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

பிணம் வைக்க ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிற, அப்பா விட்டுப்போன தொழில்தானே நமக்குச் சோறு. ஒரு பெட்டியின் கம்ப்ரெசர் போய்விட்டது, இப்போது ஒன்றுதான். புகை கீழே இறங்கி நிற்கிற மாதங்களில் அந்தப் பெட்டி நம் வீட்டில் தங்குவதே இல்லை. ஒரு பிணம் இறங்கினால் அடுத்த தெருவில் இன்னொன்று. எல்லாருக்கும் நெஞ்சு, எல்லாருக்கும் மூச்சு. எந்தச் சான்றிதழிலும் காரணம் எழுதமாட்டார்கள்.

நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பெட்டி தூக்க வருகிற அப்பாவு அண்ணனைக் கூப்பிட்டு, மரத்தை மண்ணோடு பெயர்த்து, வேர்ப்பந்தைக் கோணியில் கட்டி, பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டாள். நான் வந்து பார்த்தபோது புத்தர் படத்துக்குக் கீழே பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. "இன்னா அண்ணே இது" என்று அப்பாவு அண்ணனைக் கேட்டேன். "உங்கம்மா சொன்னா நான் இன்னாம்மா பண்றது? பொணத்தையே இறக்குறேன், மரம் இன்னா பாவம் பண்ணிச்சு" என்றார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

குளிரில் இலைகள் சிவந்தன, அண்ணா. வெளியே மண்ணில் இருந்தவரை பச்சையாகவும் பழுப்பாகவும் மட்டுமே இருந்த மரம். நீ அனுப்பிய போட்டோக்களில் இருக்கிற சிவப்பு அப்படியே வந்தது. பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்த்தால், யாரையோ படுக்க வைத்து ரோஜா மாலை போட்டிருப்பது போல இருக்கும்.

அப்போதுதான் நம் தெரு நீலமேகம் மாமா போனார். மூச்சு முட்டித்தான். அவர் மகள் மலிகா பெட்டி கேட்டு வந்தாள். நான் வேலையில் இருந்தேன், மோகனப்ரியா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பெட்டி ஓடுகிறது, அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். "அத்தே, எங்க நைனா வெயில்ல கெடக்குது, பொட்டி குடு" என்றாள். அம்மா நிமிராமலே, "தர முடியாதும்மா. எம்புள்ள உள்ள கீறான்" என்றாள்.

மலிகா அழுகையை நிறுத்திவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

நம் தெரு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பெட்டி ஓடுகிற வீட்டில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நான் வேலை முடிந்து டோல்கேட்டில் பஸ் மாறி வந்து சேர்வதற்குள் வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். உன் தோஸ்து டில்லிபாபு தெருமுனையில் பேனர் கட்டிவிட்டான். 'கண்ணீர் அஞ்சலி'. கூலிங் கிளாஸ் போட்ட உன் படம். கீழே 'தோஸ்துகள்' என்று எல்லார் பெயரும். உள்ளே பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். "சீமையில போய் மாண்டியே ராசா" என்று பாடினார்கள். அம்மா மறுக்கவில்லை. தலையாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கத்தினேன். அது மரம், அண்ணன் சாகவில்லை, எல்லாரும் போங்கள் என்று. பெட்டியின் மேல் கிடந்த துணியை இழுத்தேன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது. ஆனால் எதிர்வீட்டு சாபிராக்கா கொண்டுவந்த மாலையைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, என் தலையைத் தடவி, "அழுவாத கண்ணு, ஒடம்பு வரும்போது வரட்டும்" என்றாள். மரத்தைப் பார்த்த பிறகும் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. வெளிநாட்டுப் பிணம் வந்து சேர நாளாகும் என்பது இந்தத் தெருவுக்குத் தெரிந்த கணக்கு.

நீலமேகம் மாமாவைக் காசிமேட்டு மீன் ஐஸில் வைத்து எடுத்தார்கள். மலிகா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

டில்லிபாபுவிடம் பேனரைக் கழற்றச் சொன்னேன். "அவன் ஒரு போன் அடிக்கட்டும், நானே கிழிக்கிறேன். அதுவரைக்கும் தொட்டா பேஜாரு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. உன்னை அனுப்பிய ஏஜெண்டைத் தேடி வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அவன் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது நைட்டிக் கடை.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நேற்று விடியலில் கண்ணாடியில் கை அச்சு ஒன்று இருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. அச்சு உள்பக்கம் இருந்தது. இலை உரசியிருக்கும் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். இலைக்கு ஏழு விரல். அதில் இருந்தது ஐந்து. என் கையை வெளியிலிருந்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன்; என் கையைவிடப் பெரியது. அம்மாவின் கை என்னுடையதைவிடச் சின்னது. பெட்டியை அவள் திறக்கக்கூடாது என்று சாவியை நான்தான் வைத்திருக்கிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் வேறு யாரும் பார்ப்பதற்குள் அதன் மேல் துணியைப் போட்டுவிட்டேன்.

மரத்தை இனி வெளியே எடுக்க வேண்டும். தூக்கம் முடிந்த மரத்தை மண்ணுக்குக் கொண்டுவராவிட்டால் அழுகிவிடும் என்று அதே ஊட்டிக்காரர் சொல்கிறார். வேர்ப்பந்திலிருந்து இப்போதே வாடை வருகிறது. எந்த மாதிரி வாடை என்று எழுதமாட்டேன். பெட்டி கேட்டுத் தெருவில் இரண்டு வீட்டார் வந்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மா சாப்பிடுவது அங்கே, படுப்பது அங்கே. "அவன் எடுன்னு சொல்லட்டும், எடுக்கறேன்" என்பது ஒன்றுதான் பேச்சு.

இந்தக் கடிதம் உன் பழைய பார்சல் அட்டையில் இருந்த விடுதி முகவரிக்கு வருகிறது. இதைப் பிரிக்கிறவர் வேறு யாராவது என்றால், தயவுசெய்து தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். அந்த அறையில் இருந்தவன் எங்கே என்று எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

அண்ணா, பணம் வேண்டாம். நீ திரும்பி வரக்கூட வேண்டாம். அங்கே கல்யாணம் கட்டியிருந்தாலும், ஜெயிலில் இருந்தாலும், எங்களை மறக்க முடிவு செய்திருந்தாலும் உன்மேல் கோபப்படமாட்டேன். எங்கே இருந்தாலும் நன்றாக இரு. ஜெய்பீம்.

அம்மாவுக்குப் போன் செய். மரத்தை எடு என்று சொல். உன் குரலில் சொல்.

தங்கை,
சங்கமித்ரா