மயில் வரைந்த புல்லட்

கரையாம்புத்தூர்
5.1.2025

அன்புள்ள ஆரோக்கியசெல்வி அவர்களுக்கு,

வணக்கம். இருபத்திரண்டு வருடமாகத் தனியார் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஆனால் கடைசியாகக் கையால் கடிதம் எழுதியது எப்போது என்று நினைவில்லை. "போனில் தட்டுவது வேண்டாம், காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் ஆளை நம்புவேன்" என்று நீங்கள் சொன்னது பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது. எங்கள் ஊருக்குத் தபால் கொண்டுவரும் சாமிநாதன் என் தம்பியோடு சீட்டாடுகிறவர். தயவுசெய்து உறையின் மேல் உங்கள் பெயரை எழுதாதீர்கள்.

'ரெட்டை சீட்' தளத்தில் சேர்ந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. புல்லட் பிரியர்கள் புல்லட் பிரியர்களைத் தேடிக்கொள்ள ஒரு கல்யாணத் தளம்! சாதி கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை, விவாகரத்தானவனுக்கு ஐம்பத்துமூன்று வயதில் இது தேவையா என்று கேட்கவில்லை. கிக்கரா செல்ஃபா, எந்த ஆயில், வாரத்தில் எத்தனை முறை துடைப்பீர்கள் என்று கேட்டது. வண்டியின் பக்கவாட்டுப் படம் கட்டாயம் என்றது. பத்தாம் நாள் உங்களுக்கும் எனக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பொருத்தம் என்றது. என் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தவர்கூட இவ்வளவு கொடுக்கவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. படத்திலுள்ள பச்சை புல்லட் இப்போது என்னிடம் இல்லை. அது அப்பாவுடையது. பாகம் பிரித்தபோது, "எம்.ஃபில். படிச்சவனுக்கு எதுக்கு நெலம், எதுக்கு வண்டி?" என்று சொல்லிவிட்டு, நஞ்சையில் பெரும்பங்கையும் வண்டியையும் என் தம்பி அரிகரனிடம் கொடுத்துவிட்டார். தம்பி பத்தாவது தேறாதவன். அவன் அதற்குக் கருப்பு பெயின்ட் அடித்துக் கெடுத்துவிட்டான். நான் போட்டது பழைய படம். என்னைப் பொறுத்தவரை அந்த வண்டி இன்னும் பச்சைதான். என்னுடையதுதான்.

இதைப் படித்த பிறகும் பதில் போடுவீர்களா?

தங்கள்
சிங்காரவேலு


மூலக்குளம்
12.1.2025

மதிப்பிற்குரிய சிங்காரவேலு சாருக்கு,

பெயரில்லாத உறையில்தான் அனுப்புகிறேன். சாமிநாதன் நிம்மதியாகச் சீட்டாடட்டும்.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். என் படத்தில் உள்ள புல்லட் என் அக்கா மகனுடையது. "சித்தி, புல்லட்டுக்குன்னே பொண்ணு மாப்ள பாக்கற சைட்டு வந்துருக்கு, பாரேன்" என்று அவன்தான் சிரித்துக்கொண்டே காட்டினான். எனக்கு மொபெட்கூட ஓட்டத் தெரியாது. மெடிக்கல் ஷாப்பில் வேலை. என் வீட்டுக்காரர் அந்தோணிசாமி தவறி நாலு வருடம் ஆகிறது. அதுவரை உங்கள் பக்கத்து ஊரில்தான் இருந்தோம், கரியமாணிக்கத்தில். ஆகப் பொருத்தம் பார்த்த இரண்டு பேரிடமும் வண்டி இல்லை.

உங்கள் கோபம் புரிகிறது. அப்பா ஆசையாக வைத்திருந்ததை வேறு நிறத்தில் பார்க்க யாருக்கு மனசு வரும்? படத்தில் பக்கப் பெட்டியின் மேல் மஞ்சளில் ஒரு மயில் தெரிகிறதே, அது யார் வரைந்தது? நம் பக்கத்தில் வேறு வண்டிகளிலும் அப்படி உண்டா? தம்பி எப்போது கருப்பு அடித்தார்?

நிறையக் கேட்கிறேன். மாத்திரை வாங்க வருகிறவர்களையும் இப்படித்தான் கேட்டுக் கேட்டு ஓடவைப்பேன். நீங்கள் ஓடிவிடாதீர்கள்.

இப்படிக்கு
ஆரோக்கியசெல்வி


கரையாம்புத்தூர்
20.1.2025

அன்புள்ள செல்வி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பு இடைவேளையில் இரண்டு முறை படித்தேன். அந்த மயிலைப் பற்றி இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

பாகூரில் போர்டு எழுதும் பெயின்டர் ஒருவர் இருந்தார். அவரை வரவழைத்து, அப்பா கூடவே நின்று வரையச் சொன்னார். கால் குட்டையாகிவிட்டது. "கோழி மாதிரி இருக்குதேப்பா" என்றேன். அறை விழுந்தது. இந்த கொம்யூனில், சுற்றியுள்ள அத்தனை ஊரிலும், அப்படியொரு மயில் வேறு எந்த வண்டியிலும் கிடையாது.

தம்பி அதை அழித்தது 2021 போகியன்று. நாளை நான் மறக்கவில்லை. அந்த வருடம் பொங்கல் வரை மழை விடவில்லை. மழையில் யாராவது பெயின்ட் அடிப்பார்களா? மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு தானே அடித்தான். ஹெட்லைட்டையும் புதிதாக மாற்றியிருந்தான். "ஏன்டா, அப்பா போட்ட மயிலு ஒன்ன இன்னாடா பண்ணுச்சு?" என்று கேட்டேன். பிரஷ்ஷைக் கீழே வைக்காமல், "நீ பேசாதண்ணே. யாரு வேணா பேசலாம், நீ மட்டும் பேசாத" என்றான். அன்றோடு பேச்சு முறிந்தது. அந்த வீட்டில் என்னை இன்னும் "பெரியப்பா" என்று கூப்பிடுவது அவன் மகள் பிரியதர்ஷினி மட்டும்தான். பி.காம். கடைசி வருடம் படிக்கிறாள்.

ஒருநாள் வில்லியனூரில் சந்திக்கலாமா? கோயில் பக்கம் வேண்டாம், எங்கள் ஊர்க்காரர்கள் வந்துபோகிற இடம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இந்த வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

அன்புடன்
சிங்காரவேலு


மூலக்குளம்
1.2.2025

சாருக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 ஜனவரி 11, திங்கட்கிழமை, சாயங்காலம் நாலு மணி. கரும்பு வெட்டிவிட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரை, கரியமாணிக்கத்துக்குத் திரும்பும் வளைவில் ஒரு வண்டி அடித்துவிட்டுப் போனது. ஒரு மணி நேரம் மழையில் கிடந்தார். கரும்பு டிராக்டர் ஓட்டிவந்த வீரமணி பார்த்துத் தூக்கிப் போனார். இரண்டு நாள் உயிர் இருந்தது. "பச்ச புல்லட்டு, பொட்டியில மஞ்ச மயிலு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் சொன்னேன். "புல்லட்டு ஆயிரம் ஓடுதும்மா" என்றார்கள். கரும்பு வெட்டப் போகிறவர் சாவுக்கு யார் அலைவார்கள்?

நீங்கள் மயில் அழிந்த நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் போகியன்று காலையில்தான் அவர் போனார்.

அந்தத் தளத்துக்கு நான் மாப்பிள்ளை தேடி வரவில்லை. வண்டிப் படம் கட்டாயம் என்று அக்கா மகன் சொன்னதும் சேர்ந்தேன். ஏழு மாதம் பச்சை வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உங்கள் படம் வந்ததும், உங்கள் பதில்களைப் பார்த்து என் பதில்களை அதேபோல் மாற்றினேன். தொண்ணூற்றிரண்டு அப்படி வந்ததுதான். காகிதத்தில் எழுதச் சொன்னதும் நம்பிக்கைக்காக இல்லை. பக்கத்து வீட்டு வக்கீல் அம்மா, கையெழுத்துள்ள கடிதம் வழக்கில் நிற்கும் என்றார்கள்.

அன்று வண்டியை ஓட்டியது யார்?

உங்களை இப்படிக் கேட்கப் பயமாக இருக்கிறது. உங்கள் கடிதம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்திருந்தேன். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

ஆரோக்கியசெல்வி


கரையாம்புத்தூர்
7.2.2025

திருமதி ஆரோக்கியசெல்விக்கு,

என் கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

தளத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான், எடுத்ததே தப்பாகத் தெரியுமோ என்று தோன்றியது. மூன்று நாளாகத் தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். நேற்று வகுப்பில் ஒரு பையன் "சார், ஒங்களத் தேடி ஆளு வந்துருக்காங்க" என்றான். சாக்பீஸ் கையிலிருந்து விழுந்துவிட்டது. வந்தவர் காப்பீட்டு ஏஜென்ட்.

நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள். என் அப்பா ஏமாற்றினார், மனைவி ஏமாற்றினாள், மிச்சமிருந்தது நீங்கள் ஒருவர்தான். ஆனால் உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கேட்டதற்குப் பதில்: வண்டி தம்பி வீட்டில் இருந்தது. சாவி தம்பியிடம் இருந்தது. அவசர அவசரமாக மயிலை அழித்தவனும் அவன்தான். ஓட்டியவன் அரிகரன். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை, கையெழுத்தும் போடுகிறேன். என்னை இதில் இழுக்காதீர்கள்.

பா. சிங்காரவேலு


மூலக்குளம்
13.2.2025

சாருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வக்கீல் அம்மாவிடம் இன்னும் கொடுக்கவில்லை.

உங்கள் தம்பி ஓட்டியதை நீங்கள் பார்த்தீர்களா? பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. பாகத்தில் வந்த கோபம்தான் கடிதம் முழுக்க இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் உங்கள் கணக்கு தீரும். என் புருஷனுக்கு என்ன ஆகும்?

அந்த வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள். இந்த மாதக் கடைசி வரை பொறுக்கிறேன். நாலு வருடம் பொறுத்தவளுக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

ஆரோக்கியசெல்வி


கரையாம்புத்தூர்
22.2.2025

திருமதி ஆரோக்கியசெல்வி அவர்களுக்கு,

என் தம்பி ஓட்டவில்லை. அன்று அவன் ஊரிலேயே இல்லை, கடலூரில் மாமனார் வீட்டில் இருந்தான். முந்தின கடிதத்தில் எழுதியது பொய்.

ஓட்டியது நான். எடுத்தேன், மழையில் வளைவு தெரியவில்லை, அடித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். வண்டியில் வேறு யாரும் இல்லை. யாருக்கும் இது தெரியாது.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். அந்த வீட்டில் வேறு யாரையும் யாரும் போய் விசாரிக்க வேண்டியதில்லை.

பா. சிங்காரவேலு


மூலக்குளம்
1.3.2025

சாருக்கு,

நீங்கள் ஓட்டவில்லை.

ஸ்டேஷனிலும் வீட்டிலும் சொல்லாத ஒன்றை என்னிடமே வைத்திருந்தேன். உண்மை எழுதுகிறவரை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன் என்று நினைத்திருந்தேன். அவர் என்னிடம் மட்டும் சொன்னது இது: "பொண்ணு செல்வி. சின்னப் பொண்ணு. மூஞ்சில மாஸ்க்கு. ஐயா ஐயான்னு அழுவுது. தண்ணி குடுத்துச்சு. ஆளு கூட்டியாறேன்னு போச்சு. வரும், பாரு."

ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்துகொண்டு இரண்டு நாளும் கதவையே பார்த்தார். "வந்துச்சா?" என்று கேட்டார். அடித்ததற்காக நான் யாரையும் தேடவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் தேடினேன்.

நீங்கள் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களைப் "பெரியப்பா" என்று கூப்பிடுகிற ஒருத்தி இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இனி உங்களுக்கு எழுத மாட்டேன்.

ஆரோக்கியசெல்வி


மூலக்குளம்
9.3.2025, ஞாயிறு காலை

ஆரோக்கியசெல்வி அவர்களுக்கு,

இதை உங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் நின்று எழுதுகிறேன்.

நீங்கள் கேட்கச் சொன்னதால் போன மாதம் தம்பி வீட்டுக்குப் போனேன். நாலு வருடத்தில் முதல்முறை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். "இன்னா, வாத்தியாருக்கு வழி தெரிஞ்சிதா?" என்றான். அன்று வண்டியை எடுத்தது யார் என்று கேட்டேன். வாளியைக் கீழே வைத்தான். "சாவி குடுத்தது யாருன்னு மொதல்ல கேளுண்ணே" என்றான்.

சாவி கொடுத்தது நான். பாகத்தின்போது இரண்டாவது சாவி ஒன்றை எடுத்து ஒளித்துவைத்திருந்தேன். அவன் மகளுக்கு அப்போது பதினேழு வயது. அவனுக்குத் தெரியாமல் வாய்க்கால் கரையில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஆசையால் மட்டும் இல்லை. அவன் மகளே அதைப் "பெரியப்பா வண்டி" என்று சொல்ல வேண்டும், அதை அவன் கேட்க வேண்டும் என்பதற்காக. அன்று அவள் தனியாக எடுத்தாள். சைக்கிளைப் பார்த்ததும் பிரேக் என்று வலது காலை அழுத்தினாள். மற்ற வண்டிகளில் அது பிரேக். அந்தப் பழைய வண்டியில் கியர். இதை அவள் காலில் பழக்கியிருக்க வேண்டியவன் நான். நாலாம் நாளே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஆள் கூட்டிவரத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் அம்மா அறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் கடலூரிலிருந்து வந்த தம்பி, அதற்கடுத்த நாள் மயிலை அழித்தான். சாவி யாருடையது என்று அன்றைக்கே அவனுக்குத் தெரியும். நாலு வருடமாக என்னை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் பெயின்ட்டுக்காக அவன்மேல் வன்மம் வைத்திருந்தேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "தண்ணி குடுத்தேன்னு சொன்னாரா பெரியப்பா? வரும்னு சொன்னாரா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். பிறகு, "நா போறேன். நீ கூட வந்தா வா, வராட்டி போ" என்றாள். அவள் அம்மா காலைக் கட்டிக்கொண்டாள். தம்பிதான், "வுடு. போவட்டும். இதுக்கு மேல அவ மூஞ்ச என்னால பாக்க முடியல" என்றான்.

மேலே எழுதியது அத்தனையும் உண்மை. வக்கீல் அம்மாவுக்கு உதவும்படி தெளிவாக எழுதியிருக்கிறேன். அவளுக்கு வயது பதினேழு, சாவி என்னுடையது, ஓட்டப் பழக்கியது நான் என்பதை அவர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளட்டும்.

இந்த உறையில் தபால்தலை இல்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். இதை உங்கள் கையில் கொடுத்தவள்தான் பிரியதர்ஷினி. நீங்கள் படித்து முடிக்கும்வரை பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். என்னைக் கூப்பிட வேண்டாம், கூப்பிட்டாலும் என் கால் வருமா என்று தெரியவில்லை. நீங்கள் கேட்க வேண்டியதை அவளிடம் கேளுங்கள். வாசலில்தான் நிற்கிறாள்.

பா. சிங்காரவேலு